வேலூரில் பிளாஸ்டிக் பிரிப்புத் தொழில் தொடங்குகிறீர்களா? இயந்திரத்தைக் கடைசியில் வாங்குங்கள்

நான் முதலில் வாங்கியது இயந்திரத்தை. பதினைந்து குதிரைத்திறன் அரவை இயந்திரம் ஒன்று மலிவாக வருகிறது என்றார்கள். கடன் வாங்கிக் கொண்டுவந்து காட்பாடிக்கு அப்பால் ஒரு வாடகைக் கொட்டகையில் இறக்கினேன். அது எட்டு மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. மாசு கட்டுப்பாடு வாரியத்தின் அனுமதியான இசைவாணை வரவில்லை, மும்முனை மின்சாரம் வரவில்லை. வாடகை மட்டும் மாதந்தோறும் போய்க்கொண்டே இருந்தது. பிறகு வேலை தொடங்கியதும் இரண்டாவது லோடே திரும்பி வந்தது. காரணம், எந்தப் பிளாஸ்டிக் எது என்று எனக்குச் சரியாகத் தெரியாததுதான்.

நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டியதில்லை. இங்கே சொல்லப்போவது பிளாஸ்டிக்கை வகைவாரியாகப் பிரித்தல், கட்டுகளாகக் கட்டுதல், உலர்ந்த நிலையில் அரைத்தல் ஆகிய மூன்றும் கொண்ட சிறு தொழில் பற்றி. கழுவுவதும் உருக்கிக் குருணையாக்குவதும் அடுத்த படி. அதற்குத் தண்ணீர்ச் சுத்திகரிப்பு வேண்டும், முதலீடும் வேறு. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதல் மாதம்: கையாலும் காதாலும் இனம் காணப் பழகுங்கள்

ஒரு காயலான் கடையில் அனுமதி கேட்டு ஒரு மாதம் உட்காருங்கள். செலவு எதுவும் இல்லை. இந்தத் தொழிலில் லாபமும் நட்டமும் இங்கேதான் முடிவாகின்றன.

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 1 பெட், 2 ஹெச்.டி.பி.இ. (சுருக்கமாக ஹெச்.டி.), 3 பி.வி.சி., 4 எல்.டி.பி.இ. (எல்.டி.), 5 பி.பி. (பாலிபுரொப்பிலீன்), 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. இந்த முக்கோணம் வகையை மட்டுமே சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்று உறுதி தரவில்லை. குறிப்பாக 7 என்றால் எதுவாகவும் இருக்கலாம். உடைந்த துண்டில் எண்ணே இருக்காது. வரும் சரக்கில் பெரும்பகுதி உடைந்த துண்டுதான்.

வடிவத்தைப் பாருங்கள். தண்ணீர், குளிர்பான பாட்டிலின் அடியில் நடுவே சிறு புள்ளி இருந்தால் அது பெட். ஷாம்பு பாட்டில், எஞ்சின் ஆயில் டப்பா ஆகியவற்றின் அடியில் குறுக்கே ஒரு தையல் கோடு ஓடும். அது பெரும்பாலும் ஹெச்.டி. பால் கவர் எல்.டி. வகை, கையில் மெத்தென்று இருக்கும். அரிசி மூட்டையின் நெய்த சாக்கு பி.பி. நாற்காலியும் பி.பி. தண்ணீர்க் குழாயும் மின்கம்பி ஓடும் பட்டைக் குழாயும் பி.வி.சி. தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீனின் நுரை வடிவம். ஹெல்மெட் ஓடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற கடினப் பிளாஸ்டிக். குடமும் பக்கெட்டும் ஏமாற்றும்: சிலது ஹெச்.டி., சிலது பி.பி. பார்க்காமல் எந்தக் குவியலிலும் போடாதீர்கள்.

எங்களிடம் பிரிப்பு வேலைக்கு வந்த அக்கா ஒருவர் எண்ணைப் பார்ப்பதே இல்லை. துண்டை இடது கையில் எடுப்பார், வலது கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறுவார். நகம் மெழுகில் இறங்குவதுபோல் லேசாகப் பதிந்தால் ஹெச்.டி. கூடை. வழுக்கிக்கொண்டு போனால் பி.பி. கூடை. சந்தேகம் வந்தால் சிமெண்ட் தரையில் தட்டுவார். பாலிஸ்டைரீன் கண்ணாடித் துண்டுபோல் கணீரென்று ஒலிக்கும், ஹெச்.டி. மந்தமாகத் தொப்பென்று விழும். ஒரு துண்டுக்கு இரண்டு நொடி. நான் அதைக் கற்க மூன்று வாரம் ஆனது. அவருக்கு அருகில் உட்கார்ந்து கற்றதுபோல் எந்தப் பட்டியலும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

கை சொல்வதைத் தண்ணீரில் சரிபாருங்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டுத் துண்டை அமுக்கி விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டியதும் மிதக்கும். மிதப்பவை ஹெச்.டி., எல்.டி., பி.பி. மூழ்குபவை பெட், பி.வி.சி., பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ்., நைலான். மூழ்கியவற்றை எடுத்து, லிட்டருக்கு 150 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் போடுங்கள். பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்.ஸும் மேலே வந்துவிடும், பெட், பி.வி.சி., நைலான் அடியிலேயே கிடக்கும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. மலிவான நாற்காலிகளில் சுண்ணாம்புத் தூள் கலந்திருப்பார்கள். பி.பி.யாக இருந்தும் அது மூழ்கும். அதைத் தனிக் குவியலாக வையுங்கள், நல்ல பி.பி.யோடு சேர்த்தால் முழு மூட்டைக்கும் விலை இறங்கும்.

கடைசியாக நெருப்பு. நகம் அளவு துண்டு போதும். குறடால் பிடித்து, திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று மெழுகுவத்தியில் காட்டுங்கள். மெழுகு அணைந்த வாசனையோடு சொட்டுச் சொட்டாக உருகினால் ஹெச்.டி. அல்லது எல்.டி. ஏறத்தாழ அதே மாதிரி எரிந்து, வாசனையில் டீசல் காரம் இருந்தால் பி.பி. நூலாம்படைபோல் கரும்புகை பறந்தால் பாலிஸ்டைரீன். முடி கருகிய வாசனை வந்தால் நைலான். நெருப்பை விலக்கியதும் தானே அணைந்து மூக்கை எரித்தால் பி.வி.சி.; அந்தப் புகை அமிலம், முகர்ந்து பார்க்காதீர்கள். பி.வி.சி.யை உறுதி செய்ய வேறு வழி இருக்கிறது. ஒரு செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, துண்டின்மேல் தொட்டு, திரும்ப நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் பி.வி.சி. உருகாமல் கருகி மட்டும் போனால் அது பேக்கலைட், மெலமைன் தட்டு போன்ற வகை. அவற்றை மீண்டும் உருக்கவே முடியாது, வாங்காதீர்கள்.

இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், நான் முன்னே சொன்ன அந்த இரண்டாவது லோடு. 1,400 கிலோ பெட். வாங்குபவர் ஐந்து கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மாத்திரை அட்டைகள், கண்ணாடிபோல் தெளிவான சில பி.வி.சி. டப்பாக்கள், பழச்சாறு பாட்டிலின் உடம்பு முழுக்கச் சுருங்கி ஒட்டியிருந்த உறைகள். பெட் உருக ஏறத்தாழ 260 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டுக்கு வெகுமுன்பே பி.வி.சி. சிதைந்து அமிலத்தைக் கக்கிக் கரும்புள்ளியாகிவிடும். ஒரு கைப்பிடி போதும், ஒரு மூட்டையையே மஞ்சளாக்கிவிடும். போகவர லாரி வாடகை என் தலையில் விழுந்தது. அன்று முதல் சுருக்கு உறையைக் கிழிக்காமல் எந்தப் பாட்டிலும் எங்கள் கட்டுக்குள் போவதில்லை. மூடியையும் கழற்றிவிடுகிறோம், அது வேறு வகை, தனியாக விற்றால் தனி விலை.

நிறமும் விலைதான். பால்போல் வெளுத்த ஹெச்.டி.க்கு உயர்ந்த விலை, கலருக்குக் குறைவு, கறுப்புக்கு எல்லாவற்றிலும் குறைவு. இன்னொன்று: மக்கும் பை என்று அச்சிட்ட பைகள் பார்வைக்கு எல்.டி. கவர்போலவே இருக்கும். அவை கலந்தால் எல்.டி. கெடும். எழுத்தைப் படித்துப் பிரியுங்கள்.

2. எங்கே வாங்குவது, எதைத் தொடவே கூடாது

வேலூர் மாநகராட்சி 4 மண்டலங்கள், 60 வார்டுகள். தெருத்தெருவாகச் சேகரிப்பவர்கள் முதலில் போவது பக்கத்துக் காயலான் கடைக்கு. நீங்கள் அந்தக் கடைகளிடம் வாங்குங்கள். தேநீர்க் கடைகளோடும் உணவகங்களோடும் நேரடியாகப் பேசிப் பால் கவரை அலசிக் காயவைத்துத் தரச் சொல்லுங்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நமக்கு லாபம். அலசாத கவர் மூன்றாம் நாள் நாறும், வேலைக்கு வருபவர்கள் ஓடிவிடுவார்கள்.

தொடக் கூடாதவை மூன்று. மூன்றும் நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைப்பதால்தான் சொல்கிறேன்.

முதலாவது, மருத்துவக் கழிவு. மருத்துவமனைகள் நிறைந்த ஊர் இது. சலைன் பாட்டில், டியூப், ஊசிக்குழாய் எல்லாம் சுத்தமான பிளாஸ்டிக்போலத் தோன்றும், விலையும் மலிவாகச் சொல்வார்கள். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி அவை அங்கீகாரம் பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். எங்கள் கொட்டகைக்கு வந்த ஒரு மூட்டையில் ஊசி இருந்தது. பிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் கையில் ஏறியது. அடுத்த சில மாதங்கள் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போய்வந்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை அவர் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூட்டையைத் திறந்து பார்க்காமல் எடை போடாதீர்கள்.

இரண்டாவது, ரசாயனம் இருந்த நீல டிரம். ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை தோல், ரசாயனத் தொழில்கள் உண்டு. டிரம் நல்ல ஹெச்.டி.தான். ஆனால் அபாய ரசாயனம் ஒட்டிய காலி டிரம்மும் உள்ளுறையும் அபாயக் கழிவு என்று 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் வகைப்படுத்துகின்றன. தனி அங்கீகாரம் இல்லாமல் வாங்கினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

மூன்றாவது, செருப்புத் தொழிற்சாலைத் துண்டுகள். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் அடிப்பாகத் துண்டுகளில் பி.வி.சி., டி.பி.ஆர்., இ.வி.ஏ., பாலியூரித்தேன் எல்லாம் கலந்திருக்கும். நுரைப் பாலியூரித்தேன் உருகாது. கலந்த துண்டை வாங்கிவிட்டு ஆறு மாதம் வைத்திருந்தவர்களைத் தெரியும்.

3. இடம்: முன்பணம் கொடுப்பதற்கு முன் நில வகைப்பாடு

குடியிருப்பு என்று வகைப்படுத்திய இடத்தில் இசைவாணை கிடைக்காது. நில உரிமையாளர் எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாலும் நில வகைப்பாட்டுச் சான்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பட்டா, சிட்டா, புல வரைபடம், ஏ-பதிவேட்டு நகல் நான்கையும் அவரிடமே முதலில் கேட்டு வாங்குங்கள். ஏரி, கால்வாய், பாலாற்றங்கரை ஒட்டிய இடம் வேண்டாம். நீர்நிலையிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

பதினொரு மாத ஒப்பந்தம் போதாது. ஐந்து ஆண்டுக்காவது பதிவு செய்த குத்தகை ஒப்பந்தம் போடுங்கள், அதில் பிளாஸ்டிக் பிரித்து அரைக்கும் தொழிலுக்காக என்று எழுதுங்கள். பொதுவாக வணிகப் பயன்பாடு என்று எழுதியதால் என் கோப்பு ஒருமுறை திரும்பியது.

எந்த மாவட்டம் என்பதையும் பாருங்கள். பழக்கத்தில் எல்லாவற்றையும் வேலூர் என்கிறோம். 2019 பிரிவினைக்குப் பிறகு வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு வேலூர் மாவட்டம். கொட்டகை இருக்கும் மாவட்டத்தின் தொழில் மையத்துக்குத்தான் போக வேண்டும். தவறான அலுவலகத்தில் நான் இரண்டு நாள் காத்திருந்தேன்.

4. காகிதங்கள்: இந்த வரிசையில்

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசுத் தளத்தில் கட்டணம் இல்லை, பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும். இணையத்தில் தேடினால் அரசுத் தளம்போலவே தோன்றும் தனியார் தளங்கள் முதலில் வந்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். கட்டாதீர்கள்.

கடன் வேண்டுமென்றால் அடுத்து அதுதான், இயந்திரத்துக்கு முன்பே. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும்) திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு. பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டமென்றால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இது புதிய தொழிலுக்கு மட்டும். நான் இயந்திரத்தை இறக்கிவிட்டுப் போய்க் கேட்டேன். மானியம் கைவிட்டுப் போனது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

மாசு கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணை. இது இரண்டு கட்டம். கட்டுவதற்கும் இயந்திரம் பொருத்துவதற்கும் முன் ‘நிறுவுவதற்கான இசைவாணை’. எல்லாம் தயாரான பிறகு, ஓட்டுவதற்கு முன் ‘இயக்குவதற்கான இசைவாணை’. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் சேர்த்து, இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். வைக்க வேண்டியவை: நில ஆவணங்கள், குத்தகை ஒப்பந்தம், நில வகைப்பாட்டுச் சான்று, சுற்றுப்புறத்தைக் காட்டும் வரைபடம், கொட்டகைக்குள் எது எங்கே என்ற வரைபடம், வேலை நடக்கும் முறை, நாளொன்றுக்கு எவ்வளவு வந்து எவ்வளவு போகிறது என்ற கணக்கு, ஆடிட்டரின் முதலீட்டுச் சான்று. கட்டணம் நிலையான சொத்தின் மதிப்பைப் பொறுத்தது. ஆகவே ஆடிட்டர் எழுதும் தொகையை நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். என் சான்றில் வாடகைக் கொட்டகையின் மதிப்பையும் தவறாகச் சேர்த்திருந்தார்கள், கட்டணம் கூடிவிட்டது.

எனக்கு முதல் கட்டத்துக்கு நான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் குறைபாட்டுக் கடிதங்களுக்குப் பதில் சொல்வதில் போனது. கோப்பு முழுமையாக இருந்தால் இவ்வளவு ஆகாது. கழுவும் தொட்டி இல்லை, உலர் அரவை மட்டும் என்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். எழுதிவிட்டுக் கழுவாதீர்கள்.

பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இன் கீழ்ப் பதிவு. மறுசுழற்சி செய்பவர்களுக்கான விண்ணப்பம் படிவம் 2. இசைவாணைகள் கையில் இருந்தால்தான் இது நகரும். ஈ.பி.ஆர். சான்றிதழ் (பிளாஸ்டிக்கைச் சந்தையில் விடும் நிறுவனங்கள் தங்கள் மறுசுழற்சிப் பொறுப்பைக் காட்ட வாங்குவது) விற்றே முதலீட்டை எடுத்துவிடலாம் என்று இயந்திரம் விற்பவர்கள் சொல்வார்கள். அந்தச் சான்றிதழைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள்தான் உருவாக்க முடியும், அதுவும் ரசீதுகளின் பலத்தில். பிரித்துக் கட்டி விற்பவரின் வரவுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஜி.எஸ்.டி. பொருள் விற்பனைக்கு ஆண்டு வரவு 40 லட்சம் வரை தமிழ்நாட்டில் கட்டாயமில்லை. ஆனால் பெங்களூருக்கோ சித்தூருக்கோ ஒரே ஒரு லோடு விற்றாலும் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கு எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு). மாநிலத்துக்குள் ஒரு லட்சத்துக்கு மேல். வண்டி கிளம்பும் முன் பில் எடுங்கள். கிறிஸ்டியான்பேட்டைச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு ஆடிட்டருக்குப் போன் செய்யும் நிலை வேண்டாம்.

உள்ளாட்சியின் தொழில் உரிமத்தையும் தீயணைப்புத் துறையின் ஒப்புதலையும் இதே காலத்தில் ஓட விடுங்கள். ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கத் தேவையில்லை.

5. மின்சாரம், இயந்திரம், தராசு

நிறுவும் இசைவாணை வந்த பிறகு மும்முனை இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு முன் மின்வாரியப் பொறியாளரிடம் அருகிலுள்ள டிரான்ஸ்பார்மரில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கொட்டகையே வேண்டாம்.

பழைய இயந்திரத்தைச் சரக்குப் போட்டு ஓட்டிப் பாருங்கள், வெறுமையாக அல்ல. என்னுடையதற்கு 1,85,000 ரூபாய் கொடுத்தேன். கத்தி மாற்றவும் பேரிங் மாற்றவும் இன்னொரு 38,000 போனது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். முத்திரை இல்லாத தராசில் எடை போட்டால் அபராதம். அதைவிட, விற்க வருபவரின் நம்பிக்கை போய்விடும்.

6. கையில் சுழலும் பணம்

என் கணக்கில் நான் விட்டது இதைத்தான். கொண்டுவந்து கொடுப்பவருக்கு அன்று மாலையே ரொக்கம் வேண்டும். அது அவர் வீட்டு இரவுச் சாப்பாடு, தள்ளிப்போட முடியாது. நம்மிடம் வாங்கும் ஆலை பணம் தருவது பதினைந்து, இருபது நாள் கழித்து. ஒரு நாளைக்கு 300 கிலோ வாங்கினால்கூட இடையில் நிற்கும் பணம் ஒன்றரை, இரண்டு லட்சம். இதை இயந்திரத்தின் விலைக்கு மேல் தனியாக எடுத்து வையுங்கள்.

ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு ஏற்கப்படாது. சிறு தொகைக்கும் பெயர், வகை, எடை, தொகை எழுதிய வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். விற்கும்போது விலையை மட்டும் பேசாமல் ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பீர்கள், மண்ணுக்கு எவ்வளவு, எந்த எடைமேடை என்று முன்பே பேசுங்கள். வண்டி இங்கிருந்து கிளம்பும்போது ஒரு எடைச்சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

7. மழை, வெயில், வெடி

ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த பிளாஸ்டிக் கட்டுகளை யாரும் முழு எடைக்கு வாங்கமாட்டார்கள். தரையில் மரச்சட்டம் போட்டு அதன்மேல் அடுக்குங்கள். கோடை இன்னும் மோசம். நம் ஊர் வெயிலில் மூன்று மாதம் திறந்து கிடந்த பி.பி. கையில் பொடியாகிவிடும், நாற்காலிக் காலை முறித்தால் மாவு கொட்டும். மின்கம்பிக்குக் கீழே அடுக்கவே அடுக்காதீர்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே இருக்கிற சரக்கை விற்றுவிடுங்கள், விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. மீந்ததை உள்ளே தள்ளி, ஈரச் சாக்குப் போட்டு மூடி, மணல் வாளிகளை வாசலில் வைத்து, அன்று இரவு ஒருவர் அங்கேயே படுங்கள். நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் அங்கேதான் படுக்கிறேன்.

நாட்குறிப்பில் இப்போதே எழுத வேண்டிய தேதி ஏப்ரல் 30. முந்தைய நிதியாண்டில் வாங்கியது, அரைத்தது, விற்றது எல்லாவற்றுக்கும் படிவம் 4இல் ஆண்டறிக்கையை அன்றைக்குள் உள்ளாட்சிக்குக் கொடுத்து, மாசு கட்டுப்பாடு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தினசரி ஏட்டில் வகைவாரியாக எடை எழுதியிருந்தால் அது ஒரு மாலை வேலை.